அமிர்தா ஷெர்-கில்: குறைத்துச் சொன்ன தூரிகை



அமிர்தா ஷெர்-கில் வாழ்ந்தது 28 ஆண்டுகளே. 1913 சனவரி 30 அன்று புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் வடமொழியும் பாரசீகமும் கற்ற சீக்கியப் பெருங்குடியினர். தாய் அங்கேரிய நாட்டு இசைப்பாடகி. 1921இல் குடும்பம் சிம்லாவில் குடியேறியது. 1929இல் ஓவியம் பயிலப் பாரிஸ் சென்றார். 1932இல் தீட்டிய 'இளம் பெண்கள்' மறு ஆண்டே அங்குத் தங்கப்பதக்கம் பெற்றது.

புகழ் வாயில் திறந்த வேளையில், 1934 இறுதியில், அவர் இந்தியா திரும்பினார். இங்குக் கண்ட முகங்களுக்குப் பாரிஸில் பயின்ற கைத்திறன் போதவில்லை. ஒளியும் நிழலும் இட்டு உடலைத் திரட்டிக் காட்டும் வித்தையை மெல்ல மெல்லக் கைவிட்டார். 1936 இறுதியில் அஜந்தா குகைகளையும், அடுத்துக் கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டார். கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். சிம்லா மீண்டதும், 1937இலேயே, 'மணமகளின் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' ஆகிய மூன்றும் பிறந்தன.

'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தில் ஐந்து இளைஞர்கள் வெள்ளை வேட்டியும் பூணூலுமாய் அமர்ந்திருக்கின்றனர். நிகழ்ச்சி ஏதுமில்லை. ஒருவர் மேனியின் பழுப்பு மற்றவர் மேனியின் பழுப்பன்று. அந்த நுண்ணிய வேறுபாடே படத்தின் பேச்சு. விளக்கும் சொற்களை நீக்கிய பின்னும் நிற்பதே கவிதை என்றறிந்தோர்க்கு இந்த ஓவியம் அயலானதன்று.

செல்வக் குடியில் பிறந்தவர் வறியோரை அழகுப் பொருளாக்கினார் என்றொரு குறை கூறப்படுவதுண்டு. அது புறந்தள்ளத்தக்க வினாவன்று. ஆயினும் அவருடைய மாந்தர் நம்மிடம் இரக்கம் வேண்டி நிற்பதில்லை. நம்மை மகிழ்விக்கச் சிரிப்பதுமில்லை. தம் துயரைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கு அவர் விட்டுவைத்தார். எழுதுவோர் பலரும் தவறவிடும் மரியாதை அது.

வாழ்ந்த காலத்தில் அவர் படங்களை வாங்கியோர் சிலரே. லாகூரில் தம் கண்காட்சி தொடங்கச் சில நாட்களே இருக்கையில், 1941 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 1937இல் தீட்டிய 'கதை சொல்பவர்' 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இந்திய ஓவியம் எதுவும் அதுவரை ஏலத்தில் பெறாத விலை.

விலை உயர்ந்துவிட்டது, பார்வை உயர்ந்ததா என்பதே வினா. தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் 'பிரம்மச்சாரிகள்' இருக்கிறது. அவர் வாழ்க்கைக் கதையைச் சற்றே மறந்து, அதன் முன் சிறிது நேரம் நிற்பதே அவருக்குச் செய்யும் சிறப்பு.