ஒல்லாந்தர் ஏட்டில் நம்மவரைத் தேடியவர்



இன்று தெல்லிப்பழையில் பட்டம் பெறும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்த இடத்தில் ஒரு பேராசிரியரின் வாழ்வையும் சொல்லிப் போக விரும்புகிறேன். 1930இல் நவாலியில் பிறந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவர் சின்னப்பா அரசரத்தினம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்று, லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பின்னர் அவுஸ்திரேலியாவின் ஆமிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். 1998இல் காலமானார்.

நவாலியில் பிறந்தவரைத் தெல்லிப்பழையில் நினைவுகூரக் காரணம் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்தில் இவ்வூர்த் தேவாலயம் பெயர்பெற்ற ஒன்று. ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழையும் இடம்பெற்றது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்து, சிதைந்து கிடந்த அந்தத் தேவாலயக் கட்டடங்களைத் திருத்தியே தங்கள் பணியைத் தொடங்கினார்கள். இந்த மண் பார்த்த அந்த ஒல்லாந்தர் காலத்தைத்தான் அரசரத்தினம் தன் முதல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1658 முதல் 1687 வரையான ஒல்லாந்தர் ஆட்சியைப் பற்றிய அவருடைய நூல் 1958இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அந்த நூலுக்கு அவர் ஆதாரமாகக் கொண்ட ஒல்லாந்தர் ஆவணங்கள் யாருக்காக எழுதப்பட்டவை? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர் தங்கள் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கைகள் அவை. எத்தனை யானை விற்றது, எவ்வளவு சாயவேர் கிடைத்தது, சங்குக் குத்தகையில் என்ன வந்தது என்பதே அவர்களின் கவலை. நம்முடைய முன்னோர் அங்கே வரி கட்டுபவர்களாகவும் கட்டளைக்கு அடங்காதவர்களாகவும் மட்டும் வந்து போவார்கள். துணியிலும் பாக்கிலும் கம்பனி தன் தனியுரிமையை நிலைநாட்ட முயன்றபோது, பரம்பரையாகக் கடல் கடந்து வணிகம் செய்துவந்தவர்கள் அதே ஏட்டில் கள்ளக் கடத்தல்காரர் ஆனார்கள். அரசரத்தினம் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடை எந்தத் தொழிலை முடக்கியது, யாருடைய தோணியைக் கரையில் நிறுத்தியது, அரிசி வரவை எப்படிக் குறைத்தது என்று கேட்டார். ஆண்டவர்கள் எழுதிய ஏட்டிலிருந்தே ஆளப்பட்டவர்களின் வாழ்வை எடுத்துக் காட்டினார்.

சோழமண்டலக் கரையைப் பற்றி அவர் எழுதியவற்றிலும் இதையே காணலாம். 1650 முதல் 1740 வரை அந்தக் கரையில் நடந்த வணிகத்தைப் பற்றிய நூலை 1986இல் வெளியிட்டார். அதில் நம் வணிகர் ஐரோப்பியரின் கையாட்களாக மட்டும் வருவதில்லை. சொந்தக் கப்பலும் முதலும் கணிப்பும் உள்ளவர்களாக வருகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நெசவாளரைப் பற்றி எழுதியபோது, முற்பணம் கொடுத்துக் கட்டிப்போட முயன்ற கம்பனியை அவர்கள் எதிர்த்து நின்றதையும் தறியை விட்டு ஊர் பெயர்ந்ததையும் பதிவுசெய்தார். மலாயாவில் வாழ்ந்த காலத்தில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியர் பற்றி எழுதினார். 1970இல் வந்த அந்த நூலில் றப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கும் வரலாற்றில் உரிய இடம் கிடைத்தது.

மலாயாவோடும் இந்த ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. தமிழ் அரசியல் தலைவர் தந்தை செல்வா மலாயாவின் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். இங்கே யூனியன் கல்லூரியில் படித்தவர். அவர் நினைவாக 1982இல் நடந்த பேருரையை ஆற்றியவர் அரசரத்தினம். வடபகுதித் தமிழரின் பொருளாதாரத்துக்கு வரலாற்றில் உள்ள அடித்தளம் எது என்பதே பொருள். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ ஓராண்டே ஆன நேரம் அது. ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாகியிருந்தன. கோபமும் துயரமும் நிறைந்திருந்த அந்த நாளில் அவர் பேச எடுத்துக்கொண்டது பனையும் புகையிலையும் தோணியும் சந்தையும் சேர்ந்து ஒரு சமூகத்தை எப்படித் தாங்கின என்ற கேள்வியை. தன் மக்கள்மீது வைத்த அன்பை அவர் தரவுகளோடு சொன்னார். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

அன்பான பட்டதாரிகளே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். 1990இல் இவ்வூர் உட்பட வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் வீடுவாசலை விட்டுப் போனார்கள். காணி உறுதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அதற்கும் நேரமில்லாமல் போனவர்களும் உண்டு. ஆண்டுகள் பல கழித்துக் காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியபோது எல்லை தெரியவில்லை, கிணறு தெரியவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதியை இந்த ஊர் எவரும் சொல்லாமலே அறியும். மிஞ்சியிருப்பவற்றை இனியும் இழக்கக் கூடாது. பழைய உறுதிகள், கோவில் வரவு செலவு, சங்கக் கடைக் கணக்குக் கொப்பிகள், பாடசாலைப் பதிவேடுகள், மலாயாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் இன்னும் எத்தனையோ வீடுகளில் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. அவற்றைப் படம் பிடியுங்கள். பெயரும் திகதியும் இடமும் குறித்து வையுங்கள். பேத்தியாரிடமும் பேரனாரிடமும் கேட்டு எழுதுங்கள். தோட்டம் செய்தவர், மீன்பிடித்தவர், சுருட்டுச் சுற்றியவர், கூலிக்குப் போனவர், சாதியால் ஒதுக்கப்பட்டவர் எல்லோருடைய சொல்லும் அதில் இருக்கட்டும். நமக்குப் பெருமை தராத செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். இதைச் செய்ய வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. கணக்காளரும் தாதியும் பொறியியலாளரும் ஆசிரியரும் செய்யக்கூடிய வேலை இது.

ஒல்லாந்தர் எழுதி வைத்ததால் அரசரத்தினத்துக்கு ஏடு கிடைத்தது. நாளைக்கு நம்மைப் பற்றி ஆராயும் ஒரு பிள்ளைக்கு நம்முடைய கையால் எழுதிய ஏடு கிடைக்க வேண்டும். அதற்குரிய படிப்பை இந்த நிறுவனம் உங்களுக்குத் தந்திருக்கிறது. வேலைக்குப் போங்கள், குடும்பத்தைத் தாங்குங்கள், கடல் கடந்தும் போங்கள். போகுமிடமெல்லாம் இந்தக் கடமையையும் கொண்டு போங்கள்.