குழுத் தகவல் குறையட்டும், வேலைக் கடிதம் தெரியட்டும்



லாபு, ரந்தாவ், பகாவ் என எங்கும் நம்மவர்கள் முகநூல் குழுக்களில் இருக்கிறோம். நல்லதுதான். ஆனால் குழுவில் ஒருவர் ‘காலை வணக்கம்’ போட்டாலும் நம் மின்னஞ்சலுக்கு ஒரு தகவல் வரலாம்.

செனவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவரை விசாரணைக்காக நிறுத்தி வைக்கிறார்கள் என்று வையுங்கள். வீட்டில் காத்திருக்கிறார். நீக்கக் கடிதம் மின்னஞ்சலில் வந்து அந்தக் குவியலில் புதைந்துவிடுகிறது.

1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலைநீக்கத்தை எதிர்த்து 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் முறையிடச் சொல்கிறது. கெடு கழிந்தால் அந்தக் கதவு மூடிவிடும். “மெயிலைப் பார்க்கவில்லை” என்று பிறகு வாதாடுவதைவிட அன்றே பார்ப்பது மேல்.

முகநூலில் ‘செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’, ‘ஈமெயில்’ என்று வரிசையாகத் திறங்கள். கட்டாயத் தகவல் மட்டும் வரும்படி மாற்றுங்கள். குழுவை விட்டு நீங்கள் விலகத் தேவையில்லை. அங்கே நடக்கும் பேச்சைக் கைப்பேசியில் வழக்கம்போல் படிக்கலாம். மின்னஞ்சல் மட்டும் நிற்கும்.

படித்த பிள்ளைகளே, பெரியவர்களுக்கு இன்றிரவே இதைச் செய்து கொடுங்கள். பழைய மின்னஞ்சல்களையும் ஒருமுறை தேடுங்கள். நீக்கக் கடிதம் இருந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, மறுநாளே தொழிலுறவு இலாகாவுக்குப் போங்கள்.