அச்சு நட்டும் மலிவு ஸ்பானரும்

சித்தூரில் குடியேறிய நாம், சென்ற ஆண்டு திருமலைக்குப் புறப்படுமுன் மோட்டார் சைக்கிளின் சங்கிலியை இறுக்க எண்ணினோம். பின்சக்கர அச்சு நட்டில் மலிவு ஸ்பானரை மாட்டி அழுத்தியதும் அதன் வாய் அகன்றது. நட்டின் முனைகள் மழுங்கின. பட்டறைக்காரர் உளியால் வெட்டி எடுத்தார். ஸ்பானரில் மிச்சம் பிடித்த காசு கூலிக்கே போதவில்லை!

காரணம் எளிது. மென்மையான எஃகு விரிந்து கொடுக்கும். குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகைக் காய்ச்சி, அச்சில் அடித்து, பதமேற்றிய கருவி எளிதில் விரியாது. வாயளவும் நட்டோடு இழைந்து நிற்கும்.

எனின், பெட்டி முழுவதும் உயர்ந்த விலையில் வேண்டுமோ? வேண்டா. புனலும் எண்ணெய்த் தட்டும் மலிவாயினும் கேடில்லை. (சுத்தியலும் அவ்வாறே, தலை கழலாதிருந்தாற் போதும்.) அச்சு நட்டுக்கும் பிரேக் நட்டுக்கும் உரிய ஸ்பானர்களை மட்டும் நல்லனவாக வாங்குவோம், நட்டின் ஆறு முனைகளையும் சுற்றிப் பற்றும் வளைய ஸ்பானராயின் மிக நன்று.

திருமலையிலிருந்து வாகனங்கள் இறங்குவது 1944-இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதை வழியே. வளைவுகள் மிகுந்த அவ்வழியில் இறங்குமுன், வண்டியை நிறுத்தி அந்த நட்டில் ஸ்பானரை ஒருமுறை வைத்துப் பார்ப்பது இப்போது நம் வழக்கம்.