மாட்டுங்கா மாடத்தில் வெட்சி

உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா, ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட புதர்ச்செடியாகும். புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியத்தை வேர்கள் உறிஞ்சும்போது அதன் பூக்கள் நீலமாகவும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் நிறம் கொள்கின்றன. மொட்டு உருவாகத் தொடர்ந்து சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் வேண்டுமென்பதால், மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளின் மாடங்களில் அது செழித்து மலர்வது அரிது.

அங்கு அந்த இடத்தை நிரப்பத்தக்கது, ஆநிரை கவரச் சென்ற சங்ககால மறவர் சூடிய வெட்சி, அதாவது இட்லிப்பூ. தென்னிந்திய மண்ணுக்கு உரிய இச்செடி, நல்ல வெயில் கிடைத்தால் தாராவியின் ஒடுங்கிய சந்தில், அடியில் துளையிட்ட பழைய வாளியிலும் கொத்துக்கொத்தாகப் பூக்கும். இதுவும் புளிப்பு மண்ணையே நாடுவது. சிமெண்டுத் தொட்டியிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வேருக்கு எட்டாமல் செய்துவிடுவதால், இளந்தளிர்களில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாக வெளிறும். பச்சையச் சோகை எனப்படும் இக்குறைக்குப் பூச்சிமருந்து தெளிப்பது வீண். மண்தொட்டிக்கு மாற்றி, மட்கிய இலையுரமும் சிறிதளவு இரும்புச்சத்து உரமும் இடுவதே தக்க வழி. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். புதுத்தளிரின் நுனியிலேயே பூக்கொத்து வருமாதலால், பூத்து ஓய்ந்ததும் கிளைகளை அளவாகக் கத்தரிக்க வேண்டும்.