திறமை விளையாட்டும் சட்டமும்
(சுள்ளிக்கல் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் நம் இளைஞர் பகுதித் தோழர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஐ.பி.எல். நடக்கும்போது ஆளுக்கு 50 ரூபாய் வாங்கி, செல்போன் வழியாகக் கற்பனை அணிப் போட்டி நடத்துவது. பாதி பரிசுக்கு, பாதி நம் பிள்ளைகளின் படிப்பு உதவி நிதிக்கு. நல்ல எண்ணந்தான். ஆனாலும் செயற்குழுவில் நான் கூடாது என்றேன். கிழவன் புத்தி என்று சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆகவே காரணத்தைச் சபையிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் அல்லன். சட்டத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்தவன், அவ்வளவே.

சூதாட்டத் தடைச் சட்டங்களில் ஒரு வாசல் எப்போதும் திறந்தே இருந்தது. அதன் பெயர் திறமை. திறமைப் போட்டி வேறு, சூது வேறு என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968-இல் ரம்மியும், 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தயமும் அந்த வாசல் வழியே உள்ளே வந்தன. 2017-இல் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் டிரீம்11 போட்டியும் திறமைதான் என்றது. அதற்குச் சில இலக்கணங்கள் உண்டு: ஆட்டம் தொடங்குமுன் அணியைத் தேர்ந்து முடிக்க வேண்டும், ஒரே அணியின் 11 பேரையும் அப்படியே எடுக்கக் கூடாது, எந்த அணி ஜெயித்தது என்பதல்ல, வீரர்கள் எடுத்த புள்ளிகளே முடிவைச் சொல்ல வேண்டும். நம் தோழர்கள் இந்த இலக்கணத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பழைய பாடம்.

நம் கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாட்டிலும் சட்டம் போடுவதும் கோர்ட்டு உடைப்பதுமாகவே போயிற்று. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டுமோ, பணம் கட்டி ஜெயிக்கும் ஆசையில் ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்றது. வாசல் அடைபட்டது! டிரீம்11-ம் அந்த மாதமே காசுப் போட்டிகளை நிறுத்தியது. கம்பெனிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். போகட்டும், அவர்களுக்கு வக்கீல் வைக்கக் காசு இருக்கிறது.

தண்டனையைக் கேளுங்கள். நடத்துகிறவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. ஆக, 50 ரூபாய் கொடுத்தவன் வீட்டுக்குப் போவான். வாங்கிய நம் சங்கத்துச் செயலாளர் ஸ்டேஷனுக்குப் போவார். நற்காரியத்துக்காக வாங்கினோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

லாட்டரியை அரசே விற்கிறதே என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 1967-இலிருந்து கேரள அரசு விற்கிறது. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, நமக்கு இல்லை. 2003-இல் தமிழ்நாடு லாட்டரியை ஒழித்தது, இங்கே வந்ததும் நம்மவர்கள் சீட்டுக் கடையைத் தேடுகிறார்கள். அது இன்னொரு நாள் பேச வேண்டிய சங்கதி.

சட்டத்தை விடுங்கள். மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்கும் நம் பையன் ஒருவன், ஊரில் தங்கச்சி ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை ஒரே சீசனில் இப்படித் தொலைத்தான். கடைசியில் அந்த ஃபீஸைக் கட்டியது எது? நம் படிப்பு உதவி நிதிதான். அதே நிதிக்கு அதே வழியில் காசு சேர்ப்பதா?

நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடத்துங்கள். புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள், ஜெயித்தவனுக்கு ஒரு கப் கொடுங்கள். நானும் ஓர் அணி போடுகிறேன். நிதிக்கு வழக்கம்போல வீடு வீடாக உண்டியல் ஏந்துவோம். ஏற்கெனவே சிலரிடம் 50 ரூபாய் வாங்கியாகிவிட்டது என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள்.