தண்ணீர்த் தொட்டியில் கலக்கும் மருந்து

இன்று பட்டம் பெறும் கால்நடை மருத்துவர்களே!

பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற டீக்கடைப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பத்தாயிரம் கோழியைப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கு நேரமிருக்கிறது? அது வேகமாகக் கொழுப்பது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான். பயப்பட வேண்டிய இடம் தண்ணீர்த் தொட்டி.

நாமக்கல், பல்லடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் சீக்கிரமே இதைப் பார்ப்பீர்கள். கொட்டகையில் நாலு கோழி சோர்ந்து நிற்கும். நாலுக்கு மட்டும் மருந்து புகட்ட முடியாது என்று தொட்டியில் கலந்துவிடுவார்கள். நோய்ப்பட்டது தண்ணீரே சரியாகக் குடிக்காது. நன்றாக இருப்பது வயிறு முட்டக் குடிக்கும். மருந்தே தேவைப்படாத ஆயிரக்கணக்கான குடல்களில் ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் மருந்தைச் சந்திக்கும். தாக்குப்பிடித்தவை மட்டும் மிஞ்சிப் பெருகும். சமைத்தால் செத்துவிடுமே என்பார்கள். சாகும்தான். கறி வெட்டிய கட்டையில் இருப்பது? வயலுக்குப் போகும் கோழி எருவில் இருப்பது?

மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுப்பது கோலிஸ்டின். அதையே கோழி எடை கூடட்டும் என்று தீவனத்தில் கலந்தோம். அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணுவைப் பன்றிகளிலும், கடையில் விற்ற கோழி, பன்றி இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்டதாகச் சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் அறிவித்தார்கள். பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால் அது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். 2019 ஜூலையில் இந்தியா, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. காம்பைலோபாக்டர் என்ற கிருமி மருந்துக்கு அடங்காமல் போனதால் அமெரிக்கா 2005இலேயே கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசினை நிறுத்திவிட்டது. ஆனாலும் தடை எல்லா மருந்துக்கும் வந்துவிடவில்லை. மற்றவை அலமாரியில் இருக்கின்றன. சீட்டு எழுதப்போவது நீங்கள்.

பண்ணைக்காரரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். வளர்ப்புக் கூலியை நம்பிப் பிழைப்பவர் அவர். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து, "சார், ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்பார். எழுதுவதற்கு முன் செத்த கோழியை அறுத்துப் பாருங்கள். கொட்டகையில் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கிறதா, தரையில் பரப்பிய கூளம் ஈரமா, தண்ணீர்க் குழாயைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? வெள்ளைக்கழிச்சல் என்றால் அது வைரஸ். எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதை ஒன்றும் செய்யாது. மருந்து தேவைதான் என்றால் முழு அளவு, முழு நாட்கள். நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்துக் கோழியை விற்கலாம் என்பதும் சீட்டிலேயே இருக்கட்டும்.

துணைவேந்தர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்துச் சொல்ல இரண்டு மூன்று நாளாகிறது. மாதிரியை வெளியூருக்கு அனுப்பும் நாளும் சேர்ந்தால் எந்தப் பண்ணைக்காரரும் காத்திருக்க மாட்டார். பண்ணைகள் இருக்கும் ஊர்களிலேயே ஆய்வகம் திறந்து இவர்களில் சிலரை அங்கே உட்காரவையுங்கள். சோதனைக் கட்டணத்தை மட்டும் ஒரு பாட்டில் மருந்து விலைக்குக் கீழே வையுங்கள்.