சிறுதேரும் புஷ் வண்டியும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவம் சிறுதேர். காப்பில் தொடங்கி, தவழ்ந்து, சப்பாணி கொட்டி, சிற்றில் சிதைத்து, பறை முழக்கி, கடைசியாகக் குழந்தை தானே ஒரு தேரை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வரும் பருவம் அது. நம் வட்டத்திற்கும் இது பத்தாவது ஆண்டு. எனவே சிறுதேர் பற்றியே பேசலாம் என்று எண்ணினேன். பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் கிடையாது. அம்மானை, நீராடல், ஊசல் என்று எங்களை வீட்டோடும் ஆற்றோடும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குறையை நாற்பது வயதுக்கு மேல் தீர்த்துக்கொண்டவள் என்ற தகுதியில் இங்கே நிற்கிறேன்.

பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்து தந்த தேரைப் பிள்ளைகள் உருட்டுகிறார்கள். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. வடமொழியின் மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழில் தந்தபோது 'மண்ணியல் சிறுதேர்' என்று பெயரிட்டார். இவை யாவும் எவரும் ஏறிச் செல்ல இயலாத தேர்கள். நான் சொல்லப்போவதும் அப்படி ஒன்றுதான். அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்காக, பூவரச மரத்தில் செய்த ஒரு புஷ் வண்டி. அதற்கு ஆதாரம் ஒரே ஒரு பழைய புகைப்படம்.

இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரிக்கே உரிய ஊர்தி அது. நாற்காலி போன்ற இருக்கை, கீழே சக்கரங்கள். அமர்ந்திருப்பவர் கையில் ஒரு நீண்ட கோல்; முன்சக்கரத்தைத் திருப்ப அதுதான். வண்டியின் பின்னால் ஓர் ஆள். அவர் தள்ளினால்தான் வண்டி நகரும். பிரெஞ்சில் 'பூஸ்-பூஸ்', அதாவது தள்ளு-தள்ளு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தோசீனாவிலும் மடகாஸ்கரிலும் இதே பெயரால் அழைக்கப்பட்ட வண்டியை ஆள் முன்னால் நின்று இழுத்தார். சொல்லுக்கு உண்மையாக நடந்துகொண்டது நம் ஊர் வண்டிதான். புதுச்சேரி அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இவ்வண்டிக்கு இடமுண்டு. அங்கே இருக்கையும் காலி, பின்புறமும் காலி.

புகைப்படம் எங்கள் மணப்பட்டு வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது; தடித்த அட்டையில் ஒட்டப்பட்டது; பின்புறம் பென்சிலால் 1926 என்று எழுதியிருக்கிறது. தலைப்பாகை, நீண்ட கோட்டு, காலணி அணிந்த தமிழ்ப் பெருமகன் ஒருவர் கோலைப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறார். காலணி நன்றாகத் தெரிகிறது. அதை அணிந்து நீதிமன்றத்துள் சென்றதற்காக 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை தண்டிக்கப்பட்டதையும், அவர் பாரிசு வரை முறையிட்டு வென்றதையும் இந்த அவை அறியும். அந்த வெற்றியின் பளபளப்பு இந்தக் காலணியிலும் இருக்கிறது. அதற்கு நான்கடி பின்னால் ஒரு வெறுங்கால்.

வெறுங்காலும் இரண்டு கைகளும், அவ்வளவுதான். கைப்பிடியைப் பற்றிய இரு கைகளோடும், குதிகால் உயர்ந்த ஒரு பாதத்தோடும் படம் வெட்டப்பட்டுவிட்டது. கத்தரியின் தடம் அட்டையிலேயே தெரிகிறது. ஏதோ ஒரு சட்டத்துள் அடக்குவதற்காக யாரோ வெட்டியிருக்கிறார்கள். அமர்ந்திருப்பவர் எங்கள் உறவினர் அல்லர். அவர் பெயரும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கைகள்தாம் எங்களுடையவை. என் தாய்வழிப் பூட்டனாரின் கைகள் அவை. அரியாங்குப்பத்தாற்றையும் சுண்ணாம்பாற்றையும் கடந்து நகரத்துக்கு நடந்து சென்று, வண்டி தள்ளிக் குடும்பத்தைக் காத்தவர். நூறாண்டுகளாக எங்கள் வீடு ஓர் அயலாரின் படத்தைப் போற்றி வைத்திருந்தது, இரண்டு கைகளுக்காக.

இதை மாதிரியாகச் செய்யலாம் என்ற எண்ணத்தைத் தந்தவன் பிரான்சில் வளர்ந்த என் உறவுக்காரப் பையன். எனக்கு மருமகன் முறை. அவன் 'ஹாட் ராட்' எனப்படும் அமெரிக்கக் கார்களின் சிறு மாதிரிகளைச் செய்பவன். அந்தக் கார்களின் கதையும் சுவையானது. தென் கலிஃபோர்னிய இளைஞர்கள் 1930களிலும், பின்னர் போர் முடிந்து ஊர் திரும்பியபோதும், பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டுகளைக் கழற்றினார்கள், கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள், எஞ்சினை முடுக்கினார்கள், வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். எட்டு சிலிண்டர் எஞ்சினோடு 1932இல் வந்த ஃபோர்டு அவர்களுக்குத் தெய்வம். 1948 ஜனவரியில் இதற்கென்றே 'ஹாட் ராட்' என்ற பெயரில் ஓர் இதழும் தோன்றியது. அக்கார்களில் பலவும் அழிந்துபோயின; படங்கள் எஞ்சின. அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் காரை மறுபடி உருவாக்குவது அங்கே பலருக்குத் தவம்.

அவன் காட்டிய படங்களில் ஒன்று என் நெஞ்சில் நின்றது. காரின் முன்பக்கத்தில் கை ஊன்றி, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஓர் இளைஞன் சிரிக்கிறான். வண்டியைச் செய்தவனும் அவனே, ஓட்டுபவனும் அவனே. நான் எங்கள் படத்தைக் காட்டினேன். "இதையும் செய்யலாம் அத்தை, ஒரே ஓர் அளவு தெரிந்தால் போதும்" என்றான்.

அந்த ஓர் அளவைத் தேடியதுதான் எங்கள் ஆராய்ச்சி. என் தாய்மாமன் மரப்பட்டறையில் முப்பதாண்டு வேலை பார்த்தவர். பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். சக்கரத்தின் அளவு தெரியாது, இருக்கையின் அளவு தெரியாது. கடைசியில் கைகளில் விரலை வைத்தார். "இது நாலு விரற்கடை" என்றார்.

பழைய கணக்கு உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு விரல் ஒரு சாண். எவருக்கும் தம் கையால் எட்டுச் சாண் உடம்பு. ஆக, தொண்ணூற்றாறு விரல். பிடியால் அளந்தால் இருபத்து நான்கு பிடி. மாமா தம் பிடியை அளந்தார்: இரண்டே முக்கால் அங்குலம். உயரம் ஐந்தரை அடி. வகுத்துப் பார்த்தோம்; சரியாக இருபத்து நான்கு. படத்தில் பூட்டனாரின் பிடி 4 மில்லிமீட்டர். அதாவது படத்தின் ஒரு மில்லிமீட்டர் அவருடைய ஒரு விரற்கடை. அதன் பிறகு வண்டி முழுவதும் அவர் கையால் அளக்கப்பட்டது.

பின்சக்கரம் 36 மில்லிமீட்டர் உயரம், மூன்று சாண். கைப்பிடிக்கு மிக அருகில் இருப்பதால் இவ்வளவை நம்பலாம். ஆனால் அதன் அகலம் 31 மில்லிமீட்டர்தான். வட்டம் பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தால் உயரம் குறையாது, அகலம் ஒடுங்கும். எவ்வளவு ஒடுங்கியது என்பதிலிருந்து படக்கருவி எந்தக் கோணத்தில் நின்றது என்று கணக்கிடலாம்; ஏறத்தாழ 30 பாகை. முன்சக்கரம் அதைவிட ஒடுங்கியிருக்கிறது. அமர்ந்தவர் படத்துக்காகக் கோலைச் சற்றே திருப்பியிருக்கிறார் என்பது அதனால் தெரிந்தது. முன்னால் ஒரு சக்கரமா, இரண்டா என்பதில் இரண்டு நாள் வழக்கு நடந்தது. தரையில் விழுந்த நிழலை உற்றுப் பார்த்தபோது அதில் இரண்டு வட்டங்கள். அச்சுக்குச் சைக்கிள் கம்பி, ஆரக்கால்களுக்கு மூங்கில் சீவல், இருக்கைப் பின்னலுக்கு மெழுகு பூசிய நூல். இவற்றை விரிக்கப் போவதில்லை. மாதிரியை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறேன்.

கைப்பிடியைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். தரையிலிருந்து நாலரைச் சாண், ஏறத்தாழ முப்பத்தேழு அங்குலம். ஐந்தரை அடி ஆளுக்கு அது இடுப்பளவு. நெஞ்சளவில் இருந்திருந்தால் உடலின் எடையே வண்டியைத் தள்ள உதவியிருக்கும். இடுப்பளவில் இருப்பதால் குனிந்தாக வேண்டும். ஏன் இவ்வளவு தாழ்வு? இருக்கையின் முதுகுப்பலகைக்கு மேலே கைப்பிடி எழக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். அமர்ந்தவரின் பிடரிக்கருகே இன்னொருவர் கை தெரிவது அழகில்லை அல்லவா?

கவிஞர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். வண்டி இழுப்பவரையும் தள்ளுபவரையும் பற்றி இந்த வட்டத்தில் பத்தாண்டுகளில் எத்தனையோ கவிதைகள் வாசிக்கப்பட்டன. வியர்வை உண்டு, எலும்பு உண்டு, கண்ணீர் உண்டு. கைப்பிடி எந்த உயரத்தில் இருந்தது என்று சொன்ன கவிதை ஒன்றேனும் உண்டா? அதைச் சொல்லியிருந்தால் வியர்வையைச் சொல்ல வேண்டியதே இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கவிதைகள் பலவும் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்து இரங்குபவை. அங்கிருந்து பார்த்தால் முகம் தெரியும், கைப்பிடி தெரியாது.

சொல்லும் இதே வேலையைச் செய்திருக்கிறது. ரிக்ஷா என்பது ஜப்பானியச் சொல்லின் குறுக்கம். 'ஜின்-ரிக்கி-ஷா': மனிதன், வலிமை, வண்டி. மூன்றில் எது உதிர்ந்தது பாருங்கள். 'ஜின்' போய்விட்டது, மனிதன் போய், வலிமையும் வண்டியும் மட்டும் உலகெங்கும் பரவின. தமிழ்நாட்டில் கைரிக்ஷா 1973இல்தான் ஒழிக்கப்பட்டது. மகாராட்டிரத்தின் மாத்தேரான் மலையூரில் அதை ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2025 ஆகஸ்டில். அது நேற்றைய செய்தி.

புஷ் வண்டியில் ரிக்ஷாவினும் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. ரிக்ஷாவை இழுப்பவர் வழியைப் பார்க்கிறார்; தாமே திருப்புகிறார். இதில் ஆற்றல் முழுவதும் பின்னால், திசை முழுவதும் முன்னால். தள்ளுபவருக்கு எதிரே தெரிவது முதுகுப்பலகை. எங்கே போகிறோம் என்பது அவர் கையில் இல்லை. பள்ளத்தில் இறக்கினாலும் தள்ள வேண்டியதுதான். வில்லியனூர்த் தேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரெஞ்சு ஆளுநரும், அவருக்குப் பின் துணைநிலை ஆளுநரும் வடம் பிடிக்கும் மரபுடைய தேர் அது. அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவது யார்? சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். மேலே அமர்ந்திருக்கும் திருக்காமீசுவரர் கையில் கோல் ஏதும் இல்லை. இறைவனே கீழே இருப்பவர்களிடம் விட்டுவைத்த திசையைப் புஷ் வண்டியில் அமர்ந்தவர் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வண்டி முடிந்ததும் மாமாவுக்கும் எனக்கும் பிணக்கு. படத்தில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டு கை, ஒரு பாதம், அத்தோடு நிறுத்து. இல்லாததைச் செய்தால் பொய். எனக்கு அது பொறுக்கவில்லை. கத்தரி செய்ததை நாமும் இரண்டாம் முறை செய்வதா? வாதம் நீண்டது. கடைசியில் அவரே வழி கண்டார். கை இருக்கும் இடம் தெரியும், பாதம் இருக்கும் இடம் தெரியும், உடம்பு இருபத்து நான்கு பிடி. இம்மூன்றையும் வைத்துக்கொண்டால் நடுவில் முதுகு வளைவதற்கு அதிக வழிகள் இல்லை. குதிகால் உயர்ந்திருப்பதால் எடை கைகளின் மேல். "வளைவு தானா வருதும்மா" என்றார். ஐந்தரை அங்குல உயரமுள்ள உருவத்தை அவர் செதுக்கி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

அமர்ந்திருப்பவரைச் செய்ய வேண்டாம், நாற்காலி காலியாக இருக்கட்டும் என்றேன். மாமா உளியைக் கீழே வைத்துவிட்டார். "உட்கார ஆளில்லாத வண்டியை எதுக்கும்மா தள்ளுறான்? கோலைப் பிடிக்க ஆள் வேணாமா?" பட்டறைக்காரரின் கேள்வி, என்னிடம் மறுமொழி இல்லை. எனவே அவரையும் செய்தார், தலைப்பாகை, கோட்டு, காலணி எல்லாவற்றோடும். ஆனால் பசை போடவில்லை, தூக்கி எடுக்கலாம். வீட்டுப் பிள்ளைகள் அவரை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டையை உட்கார வைக்கிறார்கள், ஒரு நாள் பொன்வண்டு போயிற்று. பின்னால் இருப்பவரைப் பெயர்க்க முடியாது. கைகளும் கைப்பிடியும் ஒரே மரத்தில் கடைந்தவை.

முகம் மட்டும் இன்னும் செதுக்கப்படவில்லை. அதைக் கணக்கிட வழியில்லை என்கிறார் மாமா. என் முகத்தையோ தம் முகத்தையோ வைக்கவும் அவருக்கு மனமில்லை. குனிந்த தலையில் ஒரு துண்டு கட்டி நிறுத்தியிருக்கிறார். இங்கே பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வந்திருக்கும் பலருடைய வீடுகளில் தகரப் பெட்டிகள் இருக்கும். நம் பாட்டன்மார் நகரத்தில் தள்ளிய, இழுத்த, சுமந்த காலத்துப் படம் எதுவானாலும், ஓரம் வெட்டப்படாமல் இருந்தால், அருள்கூர்ந்து என்னிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன். மாமா சாணை பிடித்த சிற்றுளியோடு காத்திருக்கிறார்.